பழைய கார், புதிய மோட்டார், நடுவில் ஒரு பல்சக்கரம்

ரேடியோவில் இயங்கும் பந்தயக் காரின் மோட்டாரைக் கழற்றி அதன் முகப்பைப் பார்த்தால் இரண்டு சிறிய திருகுத் துளைகள் தெரியும். இரண்டுக்கும் இடைவெளி 25 மில்லிமீட்டர். 1976இல் ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் போர்ஷே 934 காரைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி, மின்மோட்டாரும் ரேடியோவும் வைத்து விற்பனைக்கு விட்டது. அதற்குள் இருந்தது மபுச்சி நிறுவனத்தின் 540 வகை மோட்டார். விட்டம் 36 மில்லிமீட்டர், நீளம் சுமார் 50, தண்டின் கனம் எட்டில் ஒரு அங்குலம். அதற்குப் பிறகு காந்தம் மாறியது, கம்பி சுற்றும் விதம் மாறியது, மின்சாரம் உள்ளே போகும் வழியே மாறியது. விட்டமும் தண்டும் அந்த 25 மில்லிமீட்டரும் மட்டும் மாறவில்லை. அதனால்தான் 1984இல் வந்த காருக்குள் இந்த ஆண்டு வந்த மோட்டாரை வைத்து, அதே இரண்டு திருகுகளால் முடுக்கிவிட முடிகிறது. இந்தப் பொழுதுபோக்கின் பெரிய வசதி அது. பெரிய பொறியும் அதுதான். திருகு சரியாக இறங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று கை நம்பிவிடுகிறது. உண்மையில் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது: இந்த மோட்டார் எவ்வளவு தரும் என்பதல்ல, இந்த உடல் எவ்வளவு வாங்கும் என்பது. பழைய காருக்குப் புதிய மோட்டார் போடுவது நல்ல காரியம் என்பது என் கட்சி. ஆனால் மோட்டாரைத் தேர்ந்தெடுக்க வேண்டியது காரின் மிகப் பலவீனமான உறுப்பு. பட்டியலில் மேலே இருக்கும் எண் அல்ல.

முதலில் பழைய மோட்டாருக்கும் புதியதற்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்போம். வீட்டு மிக்ஸியைப் பின்பக்கமாகப் பார்த்தால், ஓடும்போது உள்ளே நீலப் பொறி பறப்பது தெரியும். பழுது பார்ப்பவர் ‘கார்பன் தேஞ்சு போச்சு’ என்று சொல்லிச் சிறு கரித்துண்டு ஒன்றை மாற்றித் தருவார். பழைய கார் மோட்டாரும் அந்தக் குடும்பம்தான். கம்பிச் சுருள் சுழலும். அதற்கு மின்சாரம் கொடுக்க இரண்டு கார்பன் பிரஷ்கள் உரசிக்கொண்டே இருக்கும். உரசல் இருக்கும் இடத்தில் சூடு, தேய்மானம், பொறி மூன்றும் இருக்கும். அந்தப் பொறி ரேடியோவைக் குழப்பாமல் இருக்கத்தான் பழைய மோட்டார்களின் உடலில் சின்னச்சின்ன மின்தேக்கிகளைப் பற்றவைத்திருப்பார்கள். புதிய வகையில் ஏற்பாடு தலைகீழ். காந்தம் உள்ளே சுழல்கிறது, சுருள் வெளியே அசையாமல் நிற்கிறது, எந்தச் சுருளுக்கு எந்த நொடியில் மின்சாரம் போக வேண்டும் என்பதை ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி முடிவு செய்கிறது. இப்போது வீடுகளில் மாட்டும் பி.எல்.டி.சி. ஃபேன் இதே தத்துவத்தில் ஓடுவதுதான். (பழைய ஃபேனில் பிரஷ் கிடையாது, அது வேறு ஜாதி மோட்டார், ஆனால் 75 வாட் வாங்கிய இடத்தில் 30 வாட்டைச் சுற்றி வாங்கிக்கொண்டு அதே காற்றைத் தருவதைப் பார்த்தவர்களுக்குப் புதிய வகையின் சிக்கனம் புரியும்.) காரிலும் அப்படித்தான். பிரஷ் மோட்டார் தனக்குள் வரும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலுமோ சூடாக வீணாக்கும். புதியது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக வீணாக்கும். ஒரே பேட்டரியில் கூடுதல் நேரம் ஓடலாம். கார்பன் மாற்ற வேண்டாம்.

எண்பதுகளின் காரில் மோட்டாரைவிட மோசமான ஊதாரி ஒன்று இருந்தது. வேகத்தைக் குறைக்க அன்று பெரும்பாலான கார்களில் மின்னணுக் கருவி இல்லை. ஒரு சிறு சர்வோ மோட்டார் செப்புத் தகடு ஒன்றை இழுத்து மூன்று நிலைகளில் நிறுத்தும். குறைந்த வேகம் வேண்டுமென்றால் மின்சாரம் ஒரு மின்தடை வழியாகப் போகும். மிச்சம் அந்தத் தடையில் சூடாக எரியும். மெதுவாகப் போகும்போதும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும் விசித்திரம் அது. பேட்டரியோ 1.2 வோல்ட் நிக்கல்-காட்மியம் செல்கள் ஆறு சேர்ந்த 7.2 வோல்ட். இன்று இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி 7.4 வோல்ட் என்று பெயரளவில் சொல்லப்பட்டாலும் முழுதாக ஏற்றினால் 8.4 வோல்ட் காட்டும், எடையோ பாதியளவு. ஆக, மோட்டார் மாற்றம் என்று நாம் சொல்வது மோட்டாரை மட்டும் மாற்றுவதல்ல. கட்டுப்பாட்டுக் கருவி, பேட்டரி, ரேடியோ எல்லாம் கூடவே வருகின்றன. எல்லாம் மாறுகின்றன; மாறாமல் இருப்பவை பல்சக்கரப் பெட்டி, அச்சு, சக்கரம் தாங்கும் கைகள், அடித்தளம். புதிதாக வந்த எல்லாமும் சேர்ந்து தருகிற பாரம் அந்தப் பழைய நான்கின் தலையில் இறங்குகிறது.

இதற்கு நல்ல சாட்சி டாமியாவின் ஒரே ஆண்டு இரட்டையர்கள். 1984இல் கிராஸ்ஹாப்பர், ஹார்னெட் என்று இரண்டு பக்கி கார்கள் வந்தன. இரண்டுக்கும் அடித்தளம் ஏறத்தாழ ஒன்றே, பின்பக்க அமைப்பும் ஒன்றே: மோட்டார், பல்சக்கரப் பெட்டி, அச்சு மூன்றும் ஒரே கட்டையாகச் சேர்ந்து மேலும் கீழும் ஆடும். கிராஸ்ஹாப்பரில் சிறிய 380 மோட்டார், வெறும் ஸ்பிரிங். ஹார்னெட்டில் பெரிய 540 மோட்டார், பின்னால் எண்ணெய் நிரப்பிய ஷாக்அப்சார்பர். அதாவது தயாரித்தவர்களே ஒரே உடலில் இரண்டு அளவு சக்தியைப் பொருத்திப் பார்த்தார்கள். சக்தியைக் கூட்டியபோது பின்சக்கரம் குதிக்காமல் இருக்க வேறொன்றையும் கூட்ட வேண்டியிருந்தது. அப்படிக் கூட்டியும் ஹார்னெட் மேடுபள்ளத்தில் முயல் மாதிரிக் குதிப்பதற்குப் பேர்போனது. ஆகவே கிராஸ்ஹாப்பரில் 540 அளவு புதிய மோட்டாரை வைக்கிறவர் செய்வது துணிச்சல் ஒன்றுமில்லை, 1984இல் தயாரிப்பாளரே போட்ட வழியில் நடப்பதுதான். ஆனால் அந்த வழி எங்கே முடிகிறது என்பதையும் அதே கார்கள் காட்டிவிடுகின்றன. அதே ஆண்டில் அமெரிக்காவில் டீம் அசோசியேட்டட் வெளியிட்ட ஆர்.சி.10 வேறு ரகம். தங்க நிற அலுமினியத் தொட்டி போன்ற அடித்தளம், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். 1985இல் கலிஃபோர்னியாவின் டெல் மாரில் நடந்த முதல் ஆஃப்-ரோடு உலகப் போட்டியின் இரு சக்கர உந்து வகுப்பை ஜே ஹால்சி அதில்தான் வென்றார். அன்றே அது போட்டிக்கென்று சுற்றிய சூடான மோட்டார்களைச் சுமந்த கார். பழைய கார் என்றால் பலவீனம் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எதற்காகப் பிறந்த கார் என்று பார்த்துத்தான் பேச வேண்டும்.

இனி கணக்கு. எடை ஒன்றரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கார் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதினால், அதை எட்டடி உயரத்திலிருந்து தரையில் போட்டதற்குச் சமம். பொறுத்துக்கொள்ளும். வேகம் 50 ஆனால் உயரம் பதினாறடி ஆகாது; முப்பத்திரண்டடி ஆகும். மூன்றாவது மாடியிலிருந்து கீழே போடுவது போல. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு என்ற பள்ளிப் பாடம்தான் இது. ஆனால் மோட்டார் வாங்கும்போது யாருக்கும் நினைவுக்கு வராத பாடம். இதில் நாற்பது ஆண்டுகளாகப் பரணிலும் வெயிலிலும் கிடந்த பிளாஸ்டிக் தன் நெகிழ்வை இழந்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மோதுவதாவது எப்போதோ ஒருமுறை. ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் அடி வாங்குவது பல்சக்கரம். நின்ற நிலையிலிருந்து கிளம்பும் அந்தக் கணத்தில் புதிய மோட்டார் தரும் முறுக்கு பழையதைவிடப் பல மடங்கு. அத்தனையும் பிளாஸ்டிக் பல் ஒன்றிரண்டின் மேல் விழுகிறது. இங்கே பலரும் கவனிக்காத ஒன்று, டயர். இறுகிப்போன பழைய டயர் மண்ணில் வழுக்கும். அந்த வழுக்கல்தான் வீட்டு மின்பெட்டியின் ஃபியூஸ் போலப் பல்சக்கரத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. புதிய மோட்டாரோடு புதிய மென்மையான டயரையும் போட்டுச் சிமென்ட் தரையில் விட்டால், வழுக்க வேண்டிய இடம் பிடித்துக்கொள்கிறது, முறுக்குக்குப் போக்கிடம் இல்லை, பல் போகிறது. ‘புது மோட்டார் கியர்பாக்ஸைத் தின்றுவிட்டது’ என்று சொல்லப்படும் கதைகள் பலவற்றில் பாதிக் குற்றவாளி டயர் என்பது என் ஊகம்.

அப்படியானால் எந்த மோட்டார்? புதிய மோட்டார்களின் மேல் இரண்டு வகை எண்கள் இருக்கும். ஒன்று, சுருள் எத்தனை சுற்று என்பது: 21.5, 17.5, 13.5, 8.5 என்று போகும். காயில் கட்டுகிறவர்களுக்கு இது விளக்காமலே புரியும்; சுற்று குறையக் குறைய வேகம் கூடும், மின்சாரப் பசியும் கூடும். மற்றொன்று கே.வி. இதைக் கிலோவோல்ட் என்று படித்துப் பயப்பட வேண்டாம். ஒரு வோல்ட்டுக்கு, சுமை இல்லாமல், நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி என்பதுதான் கணக்கு. 3000 கே.வி. மோட்டாருக்கு 7.4 வோல்ட் கொடுத்தால் நிமிடத்துக்கு 22,200 சுழற்சி. டாமியா பெட்டியோடு வரும் 27 சுற்று ‘வெள்ளி டப்பா’ பிரஷ் மோட்டார் சுமார் 15,000. மோட்டாரின் தண்டில் மாட்டும் சிறு பல்சக்கரத்துக்குப் பினியன் என்று பெயர். பழைய மோட்டாரோடு இருந்த 20 பல் பினியனைக் கழற்றி, புதிய 3000 கே.வி. மோட்டாரில் 14 பல் பினியன் போட்டால் சக்கரத்தின் உச்ச வேகம் ஏறத்தாழ முன்பிருந்த இடத்துக்கே வந்துவிடும். ‘வேகம் கூடாமல் எதற்கு இந்த மாற்றம்?’ என்று கேட்கலாம். ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில் பஸ் ஓட்டுநர் கியரைக் குறைத்து ஏறுவது எதற்கோ அதற்குத்தான். மோட்டார் திணறாது, சூடேறாது, பேட்டரி நீண்டு நிற்கும், மெதுவாக ஊரும்போதும் கட்டுப்பாடு கையில் இருக்கும். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பினியன் சிறுக்கச் சிறுக்கப் பல்லின் மேல் விழும் விசை கூடும். அதனால் பல் எண்ணிக்கையைக் குறைப்பவர், கட்டுப்பாட்டுக் கருவியில் கிளம்பும் வேகத்தின் கடுமையையும் சேர்த்துக் குறைத்துவைக்க வேண்டும். அந்த அமைப்பு இப்போதைய கருவிகள் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. அதைத் தொடாமல் பெட்டியில் வந்தபடியே ஓட்டுவதுதான் வழக்கம் என்பது வேறு விஷயம். கிராஸ்ஹாப்பர் வகைக் காருக்கு 21.5 அல்லது 17.5 சுற்று போதும் என்பேன், ஆர்.சி.10 போன்றவை 13.5ஐத் தாராளமாகத் தாங்கும். சென்னை ரிச்சி தெருவில் மாணவர்கள் ட்ரோனுக்கு வாங்கும் 1000 கே.வி. மோட்டார் மலிவாக இருக்கிறதே என்று அதன் பக்கம் கை போக வேண்டாம். அதில் வெளிக்கூடே சுழலும், இந்தக் காரின் கூட்டுக்குள் அதற்கு இடம் கிடையாது.

வேகம்தானே பந்தயம், அதைக் கட்டிப்போட்டால் என்ன மிச்சம் என்பது முதல் மறுப்பு. இதற்குப் பதில் சொல்ல ரேடியோ கார்களை விட்டுவிட்டு நிஜப் பந்தயத்தையே பார்க்கலாம். கோயம்புத்தூரின் பந்தயக் கார் வடிவமைப்பாளர் கரிவர்தன் எண்பதுகளின் இறுதியில் ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டியபோது அவற்றுக்குள் வைத்தது மாருதி 800இன் எஞ்சின். குடும்பம் கோயிலுக்குப் போய்வர வாங்கிய 796 சி.சி. எஞ்சின். ஒற்றை இருக்கை உடலோ இலேசானது. எல்லாருக்கும் ஒரே சிறு எஞ்சின் என்பதால் முந்தியவர் கையால் முந்தினார், பையால் அல்ல. நரேன் கார்த்திகேயன் தொடங்கியது அந்த வகுப்பில்தான். பிறகு ஃபார்முலா ஒன் வரை போனார். ரேடியோ கார் போட்டிகளும் இதே முடிவுக்குத்தான் வந்தன. அமெரிக்காவின் ‘ஸ்டாக்’ வகுப்பு ஒரு காலத்தில் 27 சுற்று பிரஷ் மோட்டார். புதிய வகை வந்தபோது உச்ச சக்தியை அனுமதிக்காமல் 17.5 சுற்று என்று நிறுத்தினார்கள். கட்டுப்பாடு பந்தயத்தைக் கெடுக்கவில்லை, பந்தயமாக வைத்திருந்தது. ‘வேகம் வேண்டுமானால் புதிய காரே வாங்கலாமே?’ என்பாருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஆம், வேகம்தான் வேண்டுமென்றால் புதிய கார் வாங்குவதே சரி. இன்றைய கார் பிறக்கும்போதே அந்த முறுக்கைக் கணக்கில் வைத்துப் பிறந்தது. பழைய காரில் தேடுவது அந்தக் காரின் நடையை. ஹார்னெட்டின் குதியாட்டத்தைப் புதிய கார் எதுவும் தராது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. பழம்பொருள் சேர்ப்பவர்கள் சொல்வது: மோட்டார், கட்டுப்பாடு, பேட்டரி எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் அது 1984இன் கார்தானா? இதற்கு ஜவ்வாது மலையில் ஒரு பதில் நிற்கிறது. ஆலங்காயத்துக்கு அருகே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில், காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1972இல் அங்கே கார்ல் சைஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. அதே ஆண்டு, வியாழனின் துணைக்கோளான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது அதற்கு மெல்லிய காற்று மண்டலம் இருப்பதற்கான தடயத்தை அந்தத் தொலைநோக்கி கண்டது. 1977 மார்ச் 10ஆம் தேதி யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கும் முன்னும் பின்னும் வெளிச்சம் மங்கி மங்கித் தெளிந்ததைப் பதிவுசெய்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பதற்கான சான்றுகளில் அதுவும் ஒன்று. அந்தக் காலத்தில் ஒளியை வாங்கியவை ஒளிப்படத் தட்டுகளும் ஒளிமின் குழாய்களும். பிறகு அந்த இடத்துக்கு சி.சி.டி. என்கிற மின்னணு ஒளியுணர்வி வந்தது. ஆடிகள் அதே ஆடிகள், தாங்கும் எஃகு உடல் அதே உடல். ஒளியைப் படிக்கும் முனை மட்டும் தலைமுறை தலைமுறையாக மாறிவிட்டது. கருவியின் பெருமைக்கு இதனால் குறை வந்ததாக எந்த வானியலாளரும் சொல்லமாட்டார். தட்டையே வைத்துக்கொண்டிருந்தால்தான் அது ஆய்வுக் கருவி என்ற நிலையிலிருந்து அருங்காட்சியகப் பொருளாகியிருக்கும். ஓடுவதற்கென்று செய்யப்பட்ட காருக்கும் இது பொருந்தும். ஆனால் சேர்ப்பவர்களின் கவலையில் ஒரு நியாயம் இருக்கிறது: திரும்பி வர முடியாத மாற்றம் செய்யக் கூடாது. மோட்டார் தாங்கியில் புதுத் துளை போடுவது, சதுர லித்தியம் பேட்டரி நுழையவில்லை என்று அடித்தளத்தை அரத்தால் ராவுவது, இவையெல்லாம் அழிப்பு. உருண்டை முதுகுப் பழைய பேட்டரியின் வடிவிலேயே லித்தியம் பேட்டரிகள் கிடைக்கும்போது ராவுவதற்குக் காரணமும் இல்லை. கழற்றிய பழைய மோட்டாரையும் செப்புத் தகட்டையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் போதும்.

காவலூரில் கற்க இன்னொன்றும் உண்டு; என் வாதத்துக்கு அது இன்னும் நெருக்கமானது. 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி அர்ப்பணித்த 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்குப் பின்னாளில் மிக நுட்பமான நிறமாலைக் கருவி ஒன்று தேவைப்பட்டது. அப்படிப்பட்ட கருவி கனமானது. வெப்பம் கொஞ்சம் மாறினாலும் அசைவு கொஞ்சம் இருந்தாலும் அளவு தவறும். அதைத் தொலைநோக்கியின் மேல் தொங்கவிடாமல் தனி அறையில் அசையாமல் வைத்தார்கள். தொலைநோக்கி பிடிக்கும் ஒளியைச் சுமார் 45 மீட்டர் நீள ஒளியிழை ஒன்று அந்த அறைக்குக் கொண்டுபோகிறது. புதியதை ஏற்க உடலைப் பலப்படுத்தாமல், உடலின் மேல் பாரம் ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். கிராஸ்ஹாப்பரில் இதே யோசனை சின்ன அளவில் தேவைப்படும். அங்கே மோட்டார் பின்னச்சோடு சேர்ந்து ஆடுவது நினைவிருக்கும். பழைய மோட்டாருக்கு மெல்லிய கம்பி இரண்டு. புதியதற்குத் தடித்த கம்பி மூன்று, சில வகைகளுக்குக் காந்தத்தின் நிலையைச் சொல்லும் உணர்விக் கம்பிக் கொத்து வேறு. அவற்றை அழகுக்காக இழுத்துக் கட்டினால் கம்பியே ஸ்பிரிங்காக மாறி அச்சை ஆடவிடாது. தளர்வாக வளைத்துவிட வேண்டும்; கட்டுப்பாட்டுக் கருவியை முன்னால் தள்ளி வைத்தால் பின்கனமும் குறையும். உணர்வி உள்ள மோட்டார் தலைகீழாகச் சுழன்றால் கம்பிகளை இடம் மாற்றக் கூடாது. பழைய பிரஷ் மோட்டாரில் செய்த பழக்கத்தில் இங்கே செய்தால் கருவி குழம்பும். திசையை அமைப்பில் மாற்ற வேண்டும்.

எல்லாம் சரி, விலை குறைந்த வெள்ளி டப்பா மோட்டாரே நன்றாக ஓடும்போது எதற்கு இவ்வளவு பாடு என்ற மூன்றாவது கேள்விக்கு நான் பாதி தோற்றுப்போகிறேன். வாரம் ஒருமுறை பிள்ளைகளோடு மைதானத்தில் ஓட்ட அது போதும்தான். அப்படி இருந்தாலும் இரண்டு மாற்றங்களைத் தள்ளிப்போடக் கூடாது: அச்சுகள் சுழலும் இடங்களில் இருக்கும் பிளாஸ்டிக் புஷ்ஷை எடுத்துவிட்டு பால் பேரிங் போடுவதும், மின்தடைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு மின்னணுக் கருவி போடுவதும். மோட்டாரைத் தொடாமலே கார் இளமையாகும். லித்தியம் பேட்டரி போடுகிறவர், கட்டுப்பாட்டுக் கருவி ஒரு செல் 3 வோல்ட்டை நெருங்கும்போது மின்சாரத்தை நிறுத்துகிறதா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். பழைய கருவிகள் நிறுத்தாது; பேட்டரி வீங்கிப்போகும்.

புதிய மோட்டார்தான் என்று முடிவெடுத்தவர், மெல்லிய அலுமினியப் பினியனை விட்டு எஃகுப் பினியன் வாங்கட்டும். பல்லின் அளவும் பொருந்த வேண்டும், டாமியாவின் 0.6 மாடியூலும் அமெரிக்கக் கார்களின் 48 பிட்ச்சும் பார்வைக்கு ஒன்று போலிருக்கும், சேர்த்து ஓட்டினால் ஒன்றையொன்று அரைக்கும். பினியனுக்கும் அது சுழற்றும் பல்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சிறு காகிதத் துண்டைச் செருகி மோட்டாரை நெருக்கி முடுக்கிவிட்டுக் காகிதத்தை உருவினால் இடைவெளி சரியாக அமையும். பிறகு ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தி மோட்டாரின் மேல் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு விநாடி வைத்திருக்க முடிந்தால் தொடரலாம். முடியாவிட்டால், உள்ளே இருக்கும் நியோடிமியம் காந்தம் வலுவிழக்கும் வெப்பத்தை நோக்கிப் போகிறது என்று பொருள். ஆறவிட்டு, பினியனில் ஒரு பல் குறைத்து, மறுபடியும் ஐந்து நிமிடம்.